வெரசா வாங்க, சிஸ்டர்

மனிதக் காதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய சத்தமானாலும் நாலு நாள் கூடவே இருந்துவிட்டால் போதும், அதை வீட்டு ஆள் மாதிரி நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த நர்சுகளின் காதும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. படுக்கைக்கு நாலைந்து கருவி. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கும். நோயாளி கையை அசைத்தால் கத்தும், ஒயர் கழன்றால் கத்தும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சும்மா இருக்கப் பிடிக்காமல் கத்தும்.

அப்படி எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் மூன்றாம் படுக்கையில் இருந்த லேத் பட்டறைக்காரர் இறந்துபோனார். தொண்டைக்குள் இறக்கியிருந்த சுவாசக் குழாய் மெல்ல நழுவி வெளியே வந்துவிட்டது. கருவி கத்தத்தான் செய்தது. பக்கத்துப் படுக்கைக் கருவியும் அதே நேரத்தில் அதே மாதிரி கத்தியது. கத்துவது பக்கத்துப் படுக்கைதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். விசாரணை நடந்து, யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. வார்டு இன்சார்ஜ் பியூலா சிஸ்டருக்கு மட்டும் அது முடியவில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள். வாய் கொஞ்சம் காரம். மனசு அதற்கு நேர்மாறு. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூட அந்தக் கீ கீ காதுக்குள் கேட்டது, சாப்பாடு இறங்க மாட்டேன் என்றது.

அந்த நிலைமையில்தான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து சிபி வந்தான். படித்து முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். முதுகில் பை, கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி.

"இது கத்தாதுங்க சிஸ்டர். பேசும்" என்றான்.

"என்னன்னு பேசும்?"

"டியூப் நகருது, வாங்கன்னு கூப்பிடும். டியூப் வாயை விட்டு வெளிய வர்ற இடத்துல, பெட்டியோட வர்ற இந்த வளையத்தை மாட்டிருவோம். நெல்லுமணி அளவு நகர்ந்தாலும் இதுக்குத் தெரிஞ்சிரும். சளி அடைச்சாலும் தெரியும், கடிச்சாலும் தெரியும். இதெல்லாம் மத்த மெஷினும் செய்யறதுதானுங்க. இதுல விசேஷம் என்னன்னா, அந்த நோயாளி குரல்லயே கூப்பிடும்."

"யாரு குரல்ல?"

"அவங்க குரல்லதானுங்க. வீட்டுக்காரங்க போன்ல பழைய வாய்ஸ் மெசேஜ் கிடக்குமில்லீங்களா? அதைக் குடுத்தாப் போதும், மிச்சத்தை இதுவே கத்துக்கும். மெஷின் கத்துனா மனுசன் திரும்ப மாட்டானுங்க சிஸ்டர். மனுசன் கூப்பிட்டா திரும்பித்தான் ஆகணும்."

பியூலா பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏ தம்பி, டியூப்பப் போட்டா பேச முடியாது. பேச முடியாத ஆளுக்குப் பதிலா இது பேசுமாக்கும்? பேய்க் கதை மாதிரில்லா இருக்கு."

சிபி சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் லேத் பட்டறைக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். 'சிஸ்டர்' என்று ஒரு வார்த்தை அந்த மனுஷன் கூப்பிட்டிருந்தால் யாராவது திரும்பியிருப்பார்கள்தானே? சரி, சோதனை செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டாள். பெரிய டாக்டரிடமும் அவளே பேசினாள்.

பெட்டி வந்த பிறகு வார்டின் தலையெழுத்தே மாறிப்போயிற்று. கருவி கத்தினால் காதில் வாங்காத பெண்கள், "சிஸ்டர்" என்று ஒரு மனிதக் குரல் எழுந்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பால் சொசைட்டி செயலாளர் ஒருவர் படுத்திருந்தார். மயக்கத்தில் கிடந்தாலும் பெட்டியில் அவர் குரல் அதிகாரமாகத்தான் கூப்பிட்டது. "வாரேன் சார், வாரேன், எம்மேல கேஸ் போட்டுராதீங்க" என்று கேலி பேசிக்கொண்டே ஓடுவார்கள். பேசுவது பெட்டி என்பதே மறந்துபோயிற்று. ஒரு குழாய்கூட நழுவவில்லை. பியூலாவுக்குச் சாப்பாடு இறங்கியது.

அப்புறம்தான் ஏழாம் படுக்கைக்கு நயினார் வந்து சேர்ந்தார்.

நயினார் தனியார் பஸ் கண்டக்டர். சங்கரன்கோயில் ரூட். படியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே ஏறச் சொல்லித் தள்ளிவிட்டு, தான் கடைசிப் படியில் நின்றிருக்கிறார். வளைவில் டிரைவர் பிரேக் போட்டதும் கை நழுவிவிட்டது. தலையில் அடி. கொண்டுவந்தபோதே நினைவு இல்லை. கூட வந்தவள் மனைவி வடிவு. பிள்ளை குட்டி கிடையாது. மெலிந்த உடம்பு. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டாள். "அவர் குரல் இருந்தாக் குடுங்க, அலாரத்துக்கு வேணும்" என்று கேட்டதற்கும் அப்படியே தலையை ஆட்டிப் போனைக் கொடுத்தாள்.

போன் நிறைய நயினார்தான். "ஏளா, வண்டி இப்பந்தான் தேவர்குளம் தாண்டுது, உலையப் போடு." "ஏளா, மோட்டரப் போட்டுட்டு மறந்துராத, ரோடெல்லாம் தண்ணி ஓடுதுன்னு பக்கத்து வீட்டுக்காரன் போன் போடுதான்." ஓடுகிற பஸ்ஸில், விசிலுக்கும் சில்லறைக்கும் நடுவில், படியில் தொங்கியபடி அனுப்பியவை. மூச்சு வாங்க வாங்கத்தான் பேசுவார். பெட்டி அந்த மூச்சு வாங்கலையும் சேர்த்தே கற்றுக்கொண்டது.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். வீட்டு ஆள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து போகலாம். வடிவு வந்து காலடியில் நின்றுகொண்டிருந்தாள். நயினாருக்கு அப்போதெல்லாம் இடையிடையே இருமல் வரும். அன்றைக்கும் வந்தது. உடம்பு ஒரு தூக்குத் தூக்கியது, குழாய் அசைந்தது.

"சிஸ்டர், குழாய் நகருது. மூச்சு முட்டுது, வெரசா வாங்க."

வடிவு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பியூலா ஓடிவந்து குழாயைச் சரிசெய்து, சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்பியபோது வடிவின் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது.

"அவுக பேசிட்டாக சிஸ்டர்!"

"அவரு இல்லம்மா, இந்தப் பெட்டி. அன்னைக்குச் சொன்னமே, அலாரம்னு."

"குரல் அவுகது இல்லா?"

"குரல் அவருதுதான்."

"அப்பம்?"

இந்த 'அப்பம்?' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்ல? பியூலா நாலு விதமாக விளக்கிப் பார்த்தாள். வடிவு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். தலையாட்டலைப் பார்த்தாலே தெரிந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை.

பிறகு நயினாருக்கு மூளை வீக்கம் கூடியது. இருமல் நின்றது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் கருவிழி சுருங்கவில்லை. டாக்டர்கள் ஒரு முறைக்கு இரு முறை எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு மூளைச்சாவு என்றார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது மெஷின் ஊதுவதால்தான். வீட்டார் சம்மதித்தால் குழாயை எடுத்துவிடலாம். பெரிய டாக்டர் வடிவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பக்குவமாகத்தான் சொன்னார்.

"நேத்து சாயங்காலங்கூடப் பேசுனாகளே டாக்டர்" என்றாள் வடிவு.

"அது அலாரம்மா."

"செத்த ஆளு எதுக்கு டாக்டர் அலாரம் அடிக்கணும்?"

டாக்டர் பியூலாவைப் பார்த்தார். நீ கொண்டுவந்த வினை, நீயே பார்த்துக்கொள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனால் பியூலாவுக்கு வடிவின் கேள்வி வேறு மாதிரி தைத்துவிட்டது. வாஸ்தவம்தானே? இருமத் தெரியாத ஆள், கடிக்கத் தெரியாத ஆள், விரல் நுனிகூட அசையாத ஆள். அவர் குழாய் எப்படி நகரும்? சிபியும் அன்றைக்குப் போனில் அதையேதான் கேட்டான்.

"பெட்டி இங்க அனுப்புற கணக்குல பார்த்தேன், ஏழாம் பெட்டுல சாயங்காலம் சாயங்காலம் மட்டும் அலாரம் வருதுங்க சிஸ்டர். மத்த நேரம் ஒண்ணுமே இல்ல. பேசண்டைப் புரட்டிப் படுக்க வைக்கிறீங்களா அப்போ?"

"இல்லியே" என்றாள் பியூலா.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் எட்டாம் படுக்கையின் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வடிவு வந்தாள். துண்டை நனைத்துப் புருஷனின் முகத்தைத் துடைத்தாள், காதுமடலுக்குப் பின்னால்கூட விடாமல். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால், பச்சைப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல, உதட்டோரம் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்து மெல்ல அசைத்தாள்.

"சிஸ்டர், குழாய் நகருது. மூச்சு முட்டுது, வெரசா வாங்க."

"சிஸ்டர் வேற ஆளப் பாக்கப் போயிருக்காக" என்றாள் வடிவு, மெதுவாக. "நா இங்கதான நிக்கேன். எங்கிட்டச் சொல்லுங்க."

"சிஸ்டர், குழாய் நகருது."

"சிஸ்டர் சிஸ்டர்னே சொன்னா எப்பிடி? நா வந்துருக்கேன். வடிவு. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேளுங்களேன்."

விரல் இன்னும் கொஞ்சம் இழுத்தது.

"கைய எடு!" என்று கத்திக்கொண்டு பியூலா திரையைத் தள்ளிவிட்டு வந்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. குழாயைப் பிடித்து நிறுத்தினாள், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று கேட்டாள், பிளாஸ்டரை மாற்றி ஒட்டினாள். இத்தனை நாள் எந்தக் குழாய் நழுவக் கூடாது என்று உயிரைக் கொடுத்துக் காவல் காத்தாளோ, அதைப் பாசம் வந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடிக்கலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வடிவு அழவில்லை. கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"அவுகளுக்கு வலிச்சிருக்குமா சிஸ்டர்?"

"இல்ல. வலிச்சிருக்காது."

"அப்பம் நீங்களும், அவுக செத்துட்டாகன்னுதான் சொல்லுதீக."

பியூலா அவளை நர்சுகள் உட்காரும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தாள். நடந்ததைப் பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வடிவைக் கடைசிவரைக்கும் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் சிஸ்டர்" என்றாள் வடிவு. "நாள் முழுக்க நீங்கதான் பக்கத்துல இருக்கீக. அதனால உங்களையே கூப்பிடுதாக. அது நாயந்தான். அந்தப் பெட்டிக்கு எம் பேரையும் சொல்லிக் குடுங்களேன். ஒரே ஒரு வாட்டி என்னையக் கூப்பிட்டுட்டாகன்னா அப்புறம் டாக்டர் சொன்னபடி கேக்கேன்."

இது சரியில்லை என்று பியூலாவுக்குத் தெரியும். உயிரோடு இருந்த மனுஷன் சொல்லாததைச் செத்த பிறகு சொல்லவைக்க யாருக்கு உரிமை? ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த விதம் ஒன்றையும் யோசிக்கவிடவில்லை. சிபிக்குப் போன் போட்டாள்.

"செஞ்சிரலாங்க சிஸ்டர், ஒரு பெரிய வேலையே இல்ல" என்றான் அவன் உற்சாகமாக. "நல்ல யோசனையா இருக்குங்களே. வீட்டுக்காரங்க பேரையும் சேர்த்து ஒரு தனி வசதியாவே போட்டுட்டா, குடும்பத்துல எல்லாரும்..."

"வாய மூடு தம்பி. நாளைக்குச் சாயங்காலம் வந்து சேரு."

வந்தான். லேப்டாப்பைக் கட்டிலோரத்தில் வைத்துப் பெட்டியோடு இணைத்தான். வடிவு தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த இத்தனை நாளில் அவள் பூ வைத்து பியூலா பார்த்ததில்லை. குழாயை யாரும் தொடவில்லை. சிபி ஒரு பொத்தானைத் தட்டினான்.

"வடிவு, குழாய் நகருது. மூச்சு முட்டுது, வெரசா வா."

அதே குரல். மூச்சு வாங்குகிற அதே கண்டக்டர் குரல். வடிவு அசையவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்க."

"வடிவு, குழாய் நகருது. மூச்சு முட்டுது, வெரசா வா."

வடிவின் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போயிற்று. அது போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"இது அவுக இல்ல" என்றாள்.

சிபி பதறிப்போனான். "குரல் சரியில்லீங்களா? கொஞ்சம் மாத்திப் பார்க்கலாங்க."

"குரல் அவுகதுதான். ஆனா அவுக எம் பேரச் சொல்லி என்னையக் கூப்பிட்டதே கெடையாது. கல்யாணம் ஆன நாள்லருந்து ஏளாதான். கோவம் வந்தாலும் ஏளா, ஆசையாக் கூப்பிட்டாலும் ஏளா. எனக்கு அது ஒரு கொறை. எம் பேரு அவ்வளவு கசக்குதாக்கும்னு சண்டகூடப் போட்டுருக்கேன். சிரிப்பாக. சொல்ல மாட்டாக." கட்டிலில் கிடந்தவரின் காலைத் தொட்டாள். "உயிரு இருந்தா இப்பயும் சொல்லிருக்க மாட்டாக சிஸ்டர். சொல்லவச்சிட்டமே. அவுக போயிட்டாக."

அப்போதுதான் அழுதாள். நயினார் படியிலிருந்து விழுந்த நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த மொத்தத்தையும் அழுதாள். பியூலாவும் அழுதாள். சிபி லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வடிவு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக குரல் இனிமே எந்தப் பெட்டியிலயும் பேசக் கூடாது. அழிச்சிரணும். எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

பியூலா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அழித்துவிடுவதாகச் சிபியும் சொன்னான். பெட்டியை அணைத்து, வளையத்தைக் கழற்றிவிட்டு, பியூலாவே குழாயை எடுத்தாள். பெட்டி அணைந்துதான் கிடந்தது. இருந்தும் குழாய் வெளியே வருகிற அந்த நேரத்தில் அவள் காது எதையோ எதிர்பார்த்தது. வார்டில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

காலம் போயிற்று. பாளையங்கோட்டைச் சோதனை பிரமாதமான வெற்றி என்று கம்பெனி அறிவித்தது. பல ஊர்களில் ஆஸ்பத்திரிகள் பெட்டியை வாங்கின. அந்தந்த ஊர் நர்சுகளுக்குப் பழக்கிவிட பியூலாவைத்தான் அனுப்பினார்கள். அவளும் சந்தோஷமாகவே போனாள். போகிற இடமெல்லாம் ஒரு உயிராவது தப்புகிறதே.

மதுரைக்குப் போயிருந்தபோது அது நடந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் புது நர்சுகள் சுற்றி நிற்க, வளையத்தை எப்படி மாட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு காலேஜ் பெண் கிடந்தாள். ஸ்கூட்டர் விபத்து. ஒல்லியான பிள்ளை, நகத்தில் மருதாணி இன்னும் அழியவில்லை. அந்தப் படுக்கையிலிருந்து ஒரு ஆண் குரல் எழுந்தது.

"சிஸ்டர், குழாய் நகருது. மூச்சு முட்டுது, வெரசா வாங்க."

மூச்சு வாங்குகிற அதே கண்டக்டர் குரல். எல்லாருக்கும் முன்னால் ஓடியது அவள்தான். அந்தப் பெண்ணுக்குச் சளி அடைத்து, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. உறிஞ்சி எடுத்து, குழாயைச் சரிசெய்து, முகத்தில் ரத்தம் திரும்பும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிபிக்குப் போன் போட்டாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியல்லா?"

"அந்தப் பெட்டியில அழிச்சோமுங்க சிஸ்டர். கம்பெனியில ஒரு காப்பி இருந்துச்சு."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் குரல் கிடைக்கறதில்லீங்களே. விபத்துல போன் நொறுங்கிப் போயிருது. சிலரு யாருன்னே தெரியறதில்ல. அவங்களுக்குன்னு ஒரு பொதுக் குரல் வேணுமில்லீங்களா? எங்ககிட்ட இருந்த எல்லாக் குரலையும் போட்டுப் பார்த்தோம். எந்த ஊரானாலும் இந்தக் குரலுக்குத்தான் நர்சுங்க வேகமா ஓடி வர்றாங்க. நெசமாவே மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி இருக்குங்க. நடிச்சுப் பேசுனா அப்படி வராது."

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல."

"தப்புத்தானுங்க சிஸ்டர். நீங்க எடுன்னா இன்னைக்கே எடுத்துர்றேன்." அவன் குரல் தாழ்ந்தது. கெட்ட பையன் இல்லை, அதுதான் கஷ்டமே. "ஆனா வேற குரல் போட்டா கொஞ்சம் மெதுவாத்தான் வருவாங்க. அந்தக் கொஞ்சத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

பியூலா போனை வைத்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஊர் திரும்பியதும் நேரே வடிவு குடியிருக்கும் பேட்டைக்குப் போனாள். வடிவு வீட்டு முன்னறையில் மாவரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் பியூலா வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க சிஸ்டர், வாங்க, இருங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பியூலா காபியைக் குடித்து முடித்தாள். அப்புறம் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவாள், சாபம் கொடுப்பாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராகவே இருந்தாள்.

வடிவு கிரைண்டரை நிறுத்தினாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இவுக குரலா?"

"ஆமா."

"அந்தப் பிள்ளைக்கு இப்பம் எப்பிடி இருக்கு?"

"தேறிட்டா. இன்னும் கொஞ்ச நாள்ல டியூப்ப எடுத்துருவாங்க."

வடிவின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "கண்டக்டரு இல்லா? கண்ட வண்டியிலயும் ஏறிக்கிடுவாக."

பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒரு வார்த்த சொல்லு வடிவு. இன்னைக்கே அழிக்கச் சொல்லுதேன். இந்த வாட்டி நா பக்கத்துல நின்னு பாத்து அழிக்கச் சொல்லுதேன்."

"அழிச்சா அப்பிடிப்பட்ட பிள்ளைகளுக்கு யாரு கூப்பிடுவா?"

பியூலா பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

"வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் வடிவு. மாவு ஒட்டியிருந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லா ஊர்லயும் அதையேதான் சொல்லுதாகளா? மூச்சு முட்டுதுன்னு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

"சரியாயிட்டுன்னு என்னைக்காவது சொல்லுமா?"

"இல்ல. சரியாயிட்டா பெட்டி பேசாது."

"அப்பம் எந்த ஊர்லயாவது, எந்தக் கட்டில்லயாவது, ராப்பகலா மூச்சு முட்டிக்கிட்டேதான் கெடப்பாகளா சிஸ்டர்? அவுகளுக்கு எப்பந்தான் மூச்சு வரும்?"

இவ்வளவு ஊர் சுற்றியிருக்கிறாள், இவ்வளவு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்தக் கேள்வி ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க" என்றாள் வடிவு. "குழாயச் சரி பண்ணுன பெறகு, சரியாயிட்டுன்னு அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. கேக்காதுதான். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லச் சொல்லுங்க."

பியூலா இப்போதும் ஊர் ஊராகப் போய்ப் பழக்குகிறாள். வளையம் மாட்டுவது, சளி உறிஞ்சுவது, பிளாஸ்டர் ஒட்டுவது என்று எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று சொல்லிக்கொடுப்பாள். அந்தக் கண்டக்டர் குரல் கூப்பிட்டு, நீங்கள் ஓடிப்போய்க் குழாயைச் சரிசெய்துவிட்டால், கட்டிலை விட்டு நகர்வதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்து, 'சரியாயிட்டு, அண்ணாச்சி' என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெட்டிக்குப் போய் அண்ணாச்சியாம் என்பார்கள்.

போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். வகுப்பில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள். முந்தின நாள் அந்தக் குரல் கூப்பிட்டதாம், ஓடிப்போய்ச் சரிசெய்தாளாம், ஆளும் தப்பித்துவிட்டாராம்.

"வேலை முடிஞ்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன் சிஸ்டர். அதைச் சொல்லலையேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பஸ் நின்னுக்கிட்டு இருக்கு, என்னால ஏற முடியல. திரும்ப ஆட்டோ புடிச்சுப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"சொன்னதும் எப்பிடி இருந்துச்சு?" என்று பியூலா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். பெட்டி பேசாமத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் மூச்சு வந்துச்சு."